மதிப்பாய்வு இணையத்தளங்களும் இணைவுத் தரகும்

இணைவுத் தரகு என்பது ஒரு இணையத்தளத்தில் உள்ள இணைப்பின் வழியாகச் சென்று வாசகர் ஒரு பொருளையோ சேவையையோ வாங்கும்போது, அவ்விற்பனைக்காக விற்பனையாளர் அந்த இணையத்தளத்திற்கு வழங்கும் தொகை ஆகும். பேச்சு வழக்கில் இது அஃபிலியேட் கமிஷன் எனப்படுகிறது. பொருள்களையும் தங்கும் விடுதிகளையும் ஒப்பிட்டு எழுதும் மதிப்பாய்வுத் தளங்கள் பலவற்றுக்கு இதுவே முதன்மையான வருவாய். வாசகர் கூடுதலாக எதுவும் செலுத்துவதில்லை. தரகு விற்பனையாளரின் பங்கிலிருந்து வழங்கப்படுகிறது.

மதிப்பாய்வாளர் வாசகரின் சார்பில் பேசுகிறார். ஆனால் அவருக்குரிய பணம் விற்பவரிடமிருந்து வருகிறது. இந்த முரண்பாட்டை எவ்வாறு கையாள்வது என்பதே மதிப்பாய்வுத் தளங்களின் ஆசிரியர் குழுச் சுதந்திரம் பற்றிய கேள்வியின் அடிப்படை. தரகு பெறும் செய்தியை வெளிப்படையாக அறிவிப்பது இதற்கான முதல் படியாகக் கருதப்படுகிறது. எனினும், தரகு கிடைக்காத பொருள்கள் பரிந்துரைப் பட்டியலில் இடம்பெறுகின்றனவா என்பது அறிவிப்பால் மட்டும் தீர்ந்துவிடுவதில்லை. செட்டிநாடு போன்ற, கைத்தொழிலும் சிறு விடுதிகளும் மிகுந்த வட்டாரங்களுக்கு இக்கேள்வி பொருளாதார முக்கியத்துவம் உடையது.

சொல்லும் பொருளும்

தரகு என்பது தமிழ்நாட்டு வணிகத்தில் நெடுங்காலமாக வழங்கும் சொல். மாட்டுச் சந்தையில் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையே நின்று, துண்டால் மூடிய கையில் விரல்களைத் தொட்டு விலை பேசி முடிப்பவர் தரகர் ஆவார். அவர் தரகு பெறுகிறார் என்பது இரு தரப்பினருக்கும் தெரியும். ஆகவே அவர் ஒரு மாட்டைப் புகழ்ந்தால், வாங்குபவர் அதை அந்த அளவில் எடுத்துக்கொண்டு, பல்லையும் நடையையும் தாமே பார்த்து முடிவு செய்வார்.

மதிப்பாய்வுத் தளத்தின் நிலை இதிலிருந்து வேறுபட்டது. அது தன்னைத் தரகர் என்று அறிமுகப்படுத்திக்கொள்வதில்லை; சோதனையாளர் அல்லது இதழாளர் என்றே வாசகர் முன் நிற்கிறது. பொருளைக் கையில் எடுத்துப் பார்க்க இயலாத வாசகர் அதன் சொல்லையே நம்புகிறார். இதனால் தரகு பற்றிய செய்தியை மறைப்பது சந்தைத் தரகில் இல்லாத ஒரு தீமையை இங்கு விளைவிக்கிறது.

இயங்கும் முறை

விற்பனை நிறுவனம் ஒவ்வொரு இணைவுத் தளத்திற்கும் ஒரு அடையாளக் குறியீட்டை வழங்கும். தளத்தில் இடப்படும் இணைப்பு முகவரியில் இக்குறியீடு சேர்ந்திருக்கும். வாசகர் அதனைச் சொடுக்கும்போது அவரது உலாவியில் குக்கீ எனப்படும் சிறு பதிவு சேமிக்கப்படும். குறிப்பிட்ட காலத்திற்குள் அவர் பொருளை வாங்கினால் விற்பனை அத்தளத்தின் கணக்கில் சேரும். அமேசான் நிறுவனத்தின் திட்டத்தில் இக்காலம் பொதுவாக 24 மணி நேரம். வேறு சில நிறுவனங்கள் 30 நாள் வரையிலும் அதற்கு மேலும் அளிக்கின்றன.

தரகு வீதம் பொருளின் வகையைப் பொறுத்து மாறும். வாங்கிய பொருள் திருப்பி அனுப்பப்பட்டால் தரகு நீக்கப்படும். தரமற்ற பொருளைப் பரிந்துரைத்தால் வருவாய் நிலைக்காது என்பதற்குச் சான்றாகத் தளங்கள் இவ்விதியைக் காட்டுவதுண்டு. இது ஓரளவுக்கே உண்மை. பொருள் சில மாதங்கள் கழித்துப் பழுதடைந்தால் தரகு திரும்பப் பெறப்படுவதில்லை.

விடுதி முன்பதிவில் தரகு இரு படிகளில் அமைகிறது. விடுதி முன்பதிவுத் தளத்திற்குத் தரகு கொடுக்கிறது. முன்பதிவுத் தளம் அதில் ஒரு பங்கை, வாசகரை அனுப்பிய மதிப்பாய்வுத் தளத்திற்கு அளிக்கிறது. எடுத்துக்காட்டாக, நாளொன்றுக்கு 8,000 ரூபாய் வாடகையுள்ள ஓர் அறைக்கு முன்பதிவுத் தளம் 15 விழுக்காடு பெறுவதாகக் கொண்டால் அதன் தரகு 1,200 ரூபாய். அதில் கால் பங்கு மதிப்பாய்வுத் தளத்திற்குச் சென்றால் அத்தளம் பெறுவது 300 ரூபாய். தொலைபேசி வழியாக மட்டுமே அறைகளை ஒதுக்கும் மற்றொரு விடுதியைப் பரிந்துரைத்தால் அத்தளம் பெறுவது ஒன்றுமில்லை. இரு விடுதிகளையும் நேரில் சென்று பார்த்து எழுத ஆகும் செலவோ ஒன்றேயாகும்.

வரலாறு

மதிப்பாய்வுக்கும் வருவாய்க்கும் இடையிலான இழுபறி இணையத்துக்கு முற்பட்டது. அச்சு இதழ்கள் தாம் விமர்சிக்கும் பொருள்களின் விளம்பரங்களாலேயே பெரும்பாலும் வாழ்ந்தன. தமிழில் இதற்கு ஆனந்த விகடன் ஓர் எடுத்துக்காட்டு. 1928இல் அவ்விதழை வாங்கிய எஸ். எஸ். வாசன் அதற்கு முன் விளம்பரம் சேகரித்துத் தரும் தொழிலிலும் அஞ்சல்வழி விற்பனையிலும் ஈடுபட்டிருந்தார். பின்னர் ஜெமினி ஸ்டூடியோவின் உரிமையாளராகித் திரைப்படங்களையும் தயாரித்தார். திரைப்படங்களை விமர்சிக்கும் இதழும் திரைப்படத் தயாரிப்பும் ஒருவர் கையில் இருந்த நிலை அது. எனினும் மதிப்பெண் வழங்கும் விகடனின் விமர்சன முறை, கண்டிப்பானது என்னும் பெயரை வாசகரிடையே பெற்றது. 1977இல் வெளிவந்த 16 வயதினிலே திரைப்படத்திற்கு அது வழங்கிய 62.5 மதிப்பெண் இன்றும் பேசப்படுகிறது. எளிதில் கிடைக்காததாக இருந்தமையே அம்மதிப்பெண்ணுக்கு மதிப்பைத் தந்தது.

இணையத்தில் தரகுத் திட்டங்கள் 1990களின் முற்பாதியில் தோன்றின. இசைத்தட்டுகள் விற்ற சிடிநௌ நிறுவனம் 1994இல் இத்தகைய திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அமேசான் 1996 சூலையில் தனது இணைவுத் திட்டத்தை அறிவித்தபின் இம்முறை பரவலாயிற்று. இந்தியாவில் அமேசான் தனது விற்பனைத் தளத்தை 2013 சூனில் தொடங்கியது.

தரகையே அடிப்படை வருவாயாகக் கொண்ட மதிப்பாய்வுத் தளங்களுள் வயர்கட்டர் பரவலாக அறியப்பட்டது. 2011இல் பிரையன் லாம் என்பவரால் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட இத்தளத்தை, 2016இல் தி நியூயார்க் டைம்ஸ் நிறுவனம் ஏறத்தாழ 3 கோடி டாலர் விலைக்கு வாங்கியது. 2021இல் இத்தளம் சந்தா முறையையும் புகுத்தியது. ஒரே வருவாயைச் சார்ந்திருப்பதன் இடரை அதற்கு முந்தைய ஆண்டு காட்டியிருந்தது. 2020 ஏப்ரலில் அமேசான் அமெரிக்காவில் தரகு வீதங்களைக் குறைத்தது. வீட்டுத் தளவாடங்களுக்கு 8 விழுக்காடாக இருந்தது 3 விழுக்காடாகவும், மளிகைப் பொருள்களுக்கு 5 விழுக்காடாக இருந்தது 1 விழுக்காடாகவும் ஆயிற்று. வீதத்தை நிர்ணயிப்பவர் விற்பனையாளரே என்பதால், அதை நம்பியுள்ள தளங்களுக்குப் பேரம் பேசும் ஆற்றல் குறைவு.

தரகு மதிப்பாய்வைப் பாதிக்கும் வழிகள்

வீத வேறுபாடு: இரு நிறுவனங்கள் வெவ்வேறு வீதத்தில் தரகு அளித்தால், அதிகம் அளிப்பவரை முன்வைக்கும் தூண்டுதல் எழுகிறது. அமெரிக்காவில் காஸ்பர் என்னும் மெத்தை நிறுவனம், போட்டி நிறுவனங்களிடம் தரகு பெறுவதைத் தெளிவாகச் சொல்லாமல் அவற்றைப் பரிந்துரைப்பதாகக் கூறி, 2016இல் மூன்று மெத்தை மதிப்பாய்வுத் தளங்கள் மீது வழக்குத் தொடர்ந்தது. வழக்குகள் சமரசத்தில் முடிந்தன. 2017இல் அவற்றுள் ஒன்றான ஸ்லீப்போபோலிஸ் தளத்தை மற்றொரு நிறுவனம் வாங்குவதற்குக் காஸ்பரே கடன் வழங்கியது.

வரிசைப்படுத்தல்: விடுதி விலைகளை ஒப்பிட்டுக் காட்டும் டிரிவாகோ நிறுவனம், மலிவான விலையைக் காண உதவுவதாக ஆத்திரேலியாவில் விளம்பரம் செய்தது. ஒவ்வொரு சொடுக்குக்கும் முன்பதிவுத் தளங்கள் தனக்குச் செலுத்தும் தொகை அதன் வரிசைப்படுத்தலில் முக்கியக் காரணியாக இருந்ததை அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் 2020இல் கண்டறிந்தது. ஆராயப்பட்ட பட்டியல்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கில், மலிவான வாய்ப்பு இருக்க விலை கூடியதே முதலிடத்தில் வைக்கப்பட்டிருந்தது. 2022 ஏப்ரலில் நிறுவனத்திற்கு 4.47 கோடி ஆத்திரேலிய டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. தனித்தனியே எந்த விடுதியைப் பற்றியும் பொய் சொல்லாமல், வரிசையின் மூலமே வாசகரைத் தவறாக வழிநடத்தலாம் என்பதை இவ்வழக்கு காட்டுகிறது.

எதிர்மறை முடிவு: ஒரு வகையில் எப்பொருளும் வாங்கத் தக்கதன்று என்று முடிவு கூறும் கட்டுரை எவ்வருவாயும் ஈட்டாது. வைத்திருக்கும் பழைய பொருளையே பயன்படுத்தலாம் என்னும் அறிவுரையும் அத்தகையதே.

விடுபடல்: தரகுத் திட்டத்தில் சேராத விற்பனையாளர் கட்டுரையில் குறை கூறப்படுவதில்லை, பெயரே இடம்பெறாமல் போகிறார். பட்டியலில் உள்ளவற்றைப் பற்றி எழுதப்பட்டவை அனைத்தும் உண்மையாக இருப்பினும், பட்டியல் முழுமையற்றதாக இருக்கலாம். இல்லாத ஒன்றை வாசகரால் கவனிக்க இயலாது என்பதால், மேற்கண்டவற்றுள் கண்டுபிடிக்க மிகக் கடினமானது இதுவே.

செட்டிநாட்டு எடுத்துக்காட்டு

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் காரைக்குடியை மையமாகக் கொண்டு பரவியுள்ள செட்டிநாடு, விடுபடல் என்னும் சிக்கலைப் புரிந்துகொள்ள ஏற்ற வட்டாரம். பர்மாத் தேக்கும் ஆத்தங்குடித் தரைக்கற்களும் கொண்டு நகரத்தார் கட்டிய பெரு வீடுகளால் இவ்வட்டாரம் அறியப்படுகிறது. இந்திய அரசு 2014இல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகளை யுனெசுக்கோவின் உலக பாரம்பரியக் களங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் சேர்த்தது. காரைக்குடி, கானாடுகாத்தான் முதலிய ஊர்களில் இத்தகைய வீடுகள் சில மரபு விடுதிகளாக மாற்றப்பட்டுள்ளன.

பன்னாட்டு முன்பதிவுத் தளங்களில் பதிவு செய்த விடுதிகள் பயண மதிப்பாய்வுகளில் எளிதில் இடம்பெறுகின்றன. தொலைபேசியிலும் பழகியவர் வழியாகவும் மட்டுமே விருந்தினரை ஏற்கும் சிறு விடுதிக்கோ, ஊர் மெஸ்ஸுக்கோ அத்தகைய இணைப்பு இல்லை. இதனால் காரைக்குடியில் தங்குவதற்குச் சிறந்த இடங்கள் என்னும் பட்டியல், நடைமுறையில் காரைக்குடியில் இணையவழி முன்பதிவு செய்யத்தக்க இடங்களின் பட்டியலாகச் சுருங்கிவிடும்.

கைத்தொழில் பொருள்களிலும் இந்நிலை உண்டு. காரைக்குடிக் கண்டாங்கிச் சேலை 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. குறியீடு, பொருளின் பிறப்பிடத்திற்குச் சட்டப் பாதுகாப்பு அளிக்கிறதே தவிர, இணையத்தில் அது கண்ணில் படுவதற்கு உறுதி அளிப்பதில்லை. கூட்டுறவுச் சங்கக் கடையில் தறிச் சேலையாக விற்பதற்குத் தரகு இணைப்பு இல்லையெனில், பெரிய விற்பனைத் தளத்தில் கண்டாங்கி என்னும் பெயரில் கிடைக்கும் விசைத்தறிச் சேலையே மதிப்பாய்வில் முன்னிற்கக் கூடும். 2,000 ரூபாய் விலையுள்ள சேலைக்கு 5 விழுக்காடு தரகு என்று கொண்டால் ஒரு விற்பனைக்கு 100 ரூபாய். சங்கக் கடைக்கு வழி காட்டினால் தளத்திற்குக் கிடைப்பது எதுவுமில்லை.

ஆத்தங்குடித் தரைக்கல்லின் நிலை இன்னும் தெளிவானது. கண்ணாடிப் பலகையின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமெந்தும் இட்டு, சூளையில் சுடாமல் நீரில் ஊறவைத்துக் காயவைக்கும் இக்கற்கள் பெரும்பாலும் பட்டறையில் நேரடியாக அளவு சொல்லி வாங்கப்படுகின்றன. ஒரு சொடுக்கில் முடியும் வணிகம் அன்று அது. தரைக்கற்களை ஒப்பிடும் தளம் தரகை மட்டும் நோக்கினால், ஆலையில் உருவாகும் கற்களே அதன் கண்ணில் படும்.

இத்தகைய பொருள்களையும் விடுதிகளையும் இணைப்பு இன்றியே, முகவரியையும் வாங்கும் வழியையும் குறிப்பிட்டுப் பட்டியலில் சேர்க்கும் தளம் அந்த இடத்தில் தனக்குரிய வருவாயை விட்டுக்கொடுக்கிறது. ஆசிரியர் குழுச் சுதந்திரத்தை வெளியிலிருந்து காணத்தக்க சில அடையாளங்களுள் இது ஒன்று.

சுதந்திரத்தைக் காக்கும் முறைகள்

மதிப்பாய்வுத் தளங்கள் பின்வரும் முறைகளைக் கையாளுகின்றன.

பிரித்துவைத்தல்: தரகு ஒப்பந்தங்களை வணிகப் பிரிவும், பரிந்துரைகளை ஆசிரியர் குழுவும் தனித்தனியே கவனிக்கின்றன. பரிந்துரை முடிவான பின்னரே இணைப்புகள் சேர்க்கப்படுகின்றன. எந்த நிறுவனத்துடன் ஒப்பந்தம் உள்ளது என்பது தேர்வு முடியும் வரை எழுத்தாளர்களுக்குத் தெரிவிக்கப்படுவதில்லை என்று வயர்கட்டர் தனது கொள்கையாக அறிவித்துள்ளது. இருவர் அல்லது மூவர் மட்டுமே நடத்தும் சிறு தளங்களில் இப்பிரிவினை கடினம்; எழுதுபவரே கணக்கும் பார்க்கிறார்.

சம்பளம்: எழுத்தாளரின் ஊதியம் அவரது கட்டுரை ஈட்டும் தரகைச் சார்ந்திராமல் நிலையாக அமைக்கப்படுகிறது.

பொருளை விலைக்கு வாங்குதல்: நிறுவனம் அனுப்பும் மாதிரி தேர்ந்தெடுத்து அனுப்பப்பட்டதாக இருக்கலாம். எனவே கடையில் பொது வாடிக்கையாளரைப் போல வாங்கிச் சோதிப்பது நம்பகமானது. இலவசமாகப் பெற்றால் அது குறிப்பிடப்படுகிறது.

முறையை வெளியிடுதல்: எத்தனை பொருள்கள் சோதிக்கப்பட்டன, எவ்வளவு காலம், எந்த அளவைகளால் என்பது கட்டுரையிலேயே தரப்படுகிறது.

தரகு இல்லாதவற்றையும் சேர்த்தல்: பட்டியலுக்கான தகுதி, இணைப்பு இருப்பதைப் பொறுத்ததன்று என்று விதி வகுக்கப்படுகிறது.

அறிவிப்பு: தரகு பற்றிய செய்தி பக்கத்தின் அடியில் அன்றி, முதல் இணைப்புக்கு முன்பாக எளிய மொழியில் இடப்படுகிறது.

தேடுபொறிகளும் இதில் பங்கு வகிக்கின்றன. கூகுள் 2021 ஏப்ரலில் பொருள் மதிப்பாய்வுகளைத் தரப்படுத்தும் முறையில் மாற்றம் செய்து, நேரடிச் சோதனையின் சான்று கொண்ட பக்கங்களுக்கு முன்னுரிமை அளிக்கப்போவதாகக் கூறியது. பெயர் பெற்ற தளங்களின் பெயரில் வேறு நிறுவனங்கள் தள்ளுபடி, பரிந்துரைப் பக்கங்களை நடத்துவதற்கு எதிரான விதியை 2024 மே மாதம் முதல் நடைமுறைப்படுத்தியது.

மாற்று வருவாய் முறைகள்

தரகும் விளம்பரமும் இன்றிச் சோதனை நடத்தும் மரபு ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் 1936இல் தோன்றிய கன்சூமர் ரிப்போர்ட்ஸ் அமைப்பு, பொருள்களைக் கடையில் விலைக்கு வாங்கிச் சோதித்து, விளம்பரம் ஏற்காமல் சந்தாவாலும் நன்கொடையாலும் இயங்கி வந்தது. பிரித்தானியாவின் விச் இதழ் 1957இலும், செருமானியின் ஸ்டிஃப்டுங் வாரன்டெஸ்ட் அமைப்பு 1964இலும் தொடங்கின. செருமானிய அமைப்பு அரசு நிதியின் துணையுடன் நிறுவப்பட்டது. கன்சூமர் ரிப்போர்ட்ஸ் கூடப் பிற்காலத்தில் தனது இணையத்தளத்தில் தரகு இணைப்புகளை ஏற்றுக்கொண்டது. சந்தா மட்டும் கொண்டு சோதனைக்கூடம் நடத்துவது எளிதன்று என்பதற்கு இது சான்று.

இந்தியாவில் அகமதாபாத்தில் 1978இல் நிறுவப்பட்ட நுகர்வோர் கல்வி மற்றும் ஆய்வு மையம் ஒப்பீட்டுச் சோதனைகளை நடத்தி முடிவுகளை வெளியிட்டுள்ளது. தில்லியைச் சேர்ந்த கன்சூமர் வாய்ஸ் அமைப்பும் இப்பணியில் ஈடுபட்டது. இச்சோதனைகளின் முடிவுகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இந்தி, குசராத்தி மொழிகளிலும் வெளிவருவதால் தமிழ் வாசகர்களை அவ்வளவாகச் சென்றடையவில்லை.

இந்தியச் சட்ட நிலை

தரகு பெறுவது இந்தியாவில் சட்டப்படி தவறன்று. அதை மறைத்து வாசகரைத் தவறாக வழிநடத்துவதே ஒழுங்குமுறைக்கு உட்பட்டது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 என்பதன் கீழ் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2020 சூலையில் அமைக்கப்பட்டது. தவறான விளம்பரத்திற்காக உற்பத்தியாளர் மீதும் பரிந்துரைப்பவர் மீதும் 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் மீறினால் 50 லட்சம் ரூபாய் வரையிலும் இவ்வாணையம் தண்டம் விதிக்கலாம். பரிந்துரைப்பவரை ஓராண்டு வரையிலும், மீண்டும் மீறினால் மூன்றாண்டு வரையிலும் பரிந்துரை செய்யாதபடி தடுக்கலாம். பரிந்துரைக்கும் முன் உரிய கவனத்துடன் உண்மையைச் சரிபார்த்தவருக்கு விலக்கு உண்டு.

2022 சூன் 9 அன்று ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், பரிந்துரையின் நம்பகத்தன்மையைப் பாதிக்கக் கூடிய எந்தத் தொடர்பையும் முழுமையாக வெளிப்படுத்த வேண்டும் என்கின்றன. 2023 சனவரி 20 அன்று சமூக ஊடகங்களில் செல்வாக்குடையோருக்காக நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டி, இத்தகைய தொடர்பில் பணம், இலவசப் பொருள், தள்ளுபடி, பரிசு, பயணம், விடுதித் தங்கல் ஆகியவற்றை உள்ளடக்குகிறது. அறிவிப்பு கண்ணில் படும் வகையிலும், பரிந்துரை செய்யப்பட்ட அதே மொழியிலும் இருக்க வேண்டும். இதன்படி, ஒரு மரபு விடுதியில் கட்டணமின்றித் தங்கிவிட்டுத் தமிழில் அதைப் பரிந்துரைப்பவர், அச்செய்தியைத் தமிழிலேயே தெரிவிக்க வேண்டும்.

இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கழகம் 2021 மே மாதத்தில் இதே பொருளில் தன்னொழுங்கு விதிகளை வெளியிட்டது. வாடிக்கையாளர்கள் எழுதும் மதிப்பாய்வுகளுக்காக இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐ. எஸ். 19000 என்னும் தரநிலையைத் தன்விருப்ப அடிப்படையில் அறிமுகப்படுத்தியது. 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள், விற்பனையாளர் நுகர்வோர் போல வேடமிட்டு மதிப்பாய்வு எழுதுவதைத் தடை செய்கின்றன. செய்தியாகத் தோற்றமளிக்கும் மறைமுக விளம்பரம், 2023 நவம்பரில் ஆணையம் பட்டியலிட்ட 13 ஏமாற்று வடிவமைப்புகளுள் ஒன்றாகும்.

இவ்விதிகள் அனைத்தும் சொல்லப்பட்டவற்றைப் பற்றியவை. சொல்லாமல் விடப்பட்டவற்றுக்கு, அதாவது தரகு இல்லாமையால் பட்டியலில் இடம்பெறாத பொருள்களுக்கு, இவற்றில் தீர்வு இல்லை. அது ஆசிரியர் குழுவின் பொறுப்பிலேயே உள்ளது.

வாசகர் காணக்கூடிய அடையாளங்கள்

ஒரு மதிப்பாய்வின் நம்பகத்தன்மையை மதிப்பிடப் பின்வருவன உதவும்.

- தரகு பற்றிய அறிவிப்பு எங்கே, எந்த மொழியில் உள்ளது என்பது.
- பொருளின் குறைகள் தெளிவாகக் கூறப்பட்டுள்ளனவா என்பது.
- வாங்க வேண்டாம் என்று முடிவு கூறும் கட்டுரைகள் அத்தளத்தில் உள்ளனவா என்பது.
- எல்லாப் பரிந்துரைகளும் ஒரே விற்பனைத் தளத்திற்கு இட்டுச் செல்கின்றனவா என்பது.
- இணைப்பே இல்லாமல் ஒரு கடையோ பட்டறையோ கூட்டுறவுச் சங்கமோ பரிந்துரைக்கப்பட்டுள்ளதா என்பது.